பதுளை ஏன் ஒரு மாகாணத்தின் தலைநகரம்?

கொழும்பிலிருந்து வரும் கோச்சி (ரயில்) எல்ல ஸ்டேஷனில் நின்றதும் பெட்டிகள் பாதி காலியாகிவிடும். முதுகுப் பை மாட்டிய வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் அங்கேயே இறங்கி விடுதி தேடிப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஊர்க்காரர்கள்தான்: கொழும்பில் கடை வேலை செய்துவிட்டுத் திருவிழாவுக்கு வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ஏதோ ஒரு அலுவலகத்தில் கையெழுத்து வாங்க வேண்டியவர்கள். அவர்களோடு கோச்சி தெமோதரையையும் ஹாலிஎலையையும் தாண்டி, சுமார் 290 கிலோமீட்டர் ஓடி முடித்து, தண்டவாளம் தீர்ந்துபோகும் இடத்தில் நிற்கும். அந்த இடம் பதுளை.

சுற்றுலா வழிகாட்டிகள் இந்த ஊருக்கு அரைப் பக்கம் ஒதுக்கினாலே அதிகம். துன்ஹிந்த அருவியைச் சொல்வார்கள், முத்தியங்கனை விகாரையைச் சொல்வார்கள், அதோடு சரி. ஆனால் எல்லயும் ஹப்புத்தளையும் பண்டாரவளையும், ஏன், கதிர்காமமும் கூட, நிர்வாகக் கணக்கில் இந்த ஊருக்குக் கீழேதான் வருகின்றன. இலங்கையின் ஒன்பது மாகாணங்களில் ஒன்றான ஊவாவின் தலைநகரம் பதுளை. நகரத்தின் ஜனத்தொகை ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. மாகாணத்தின் ஜனத்தொகையோ 2012 கணக்கெடுப்பின்படி பன்னிரண்டரை லட்சத்துக்கும் மேல்.

இவ்வளவு சின்ன ஊர் எப்படித் தலைநகரம் ஆனது, அப்படி இருப்பதால் அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. இலங்கை நிர்வாகம் பற்றி எதுவும் தெரியாதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் முதல் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

மாகாணம் என்றால் என்ன?

தமிழ்நாட்டு வாசகர்கள் மாகாணம் என்றதும் மாநிலம் என்று எடுத்துக்கொள்வார்கள். முதலமைச்சர் இருக்கிறார், ஆளுநர் இருக்கிறார், அமைச்சர்கள் இருக்கிறார்கள். பார்க்க அப்படித்தான் தெரியும். ஆனால் ஊவா மாகாணத்தின் மொத்தப் பரப்பே சுமார் 8,500 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பெரிய மாவட்டம் ஒன்றைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அதிகாரத்தைப் பார்த்தாலும் மாநிலத்துக்கும் மாகாணத்துக்கும் வெகு தூரம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இலங்கையில் 9 மாகாணங்கள், 25 மாவட்டங்கள். ஊவாவில் இரண்டே மாவட்டங்கள். ஒன்று பதுளை: மலை, தேயிலை, நெருக்கமான குடியிருப்பு. இன்னொன்று மொணராகலை: பெரும்பகுதி தாழ்நிலம், காடு, வறட்சி, கரும்பு, சேனைப் பயிர் (காட்டை எரித்துச் செய்யும் விவசாயம்). பரப்பளவில் மொணராகலை பதுளையைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆட்களை எண்ணினால் தலைகீழ்: பதுளை மாவட்டத்தில் எட்டு லட்சம் பேர், மொணராகலையில் நாலரை லட்சம். ஒரே மாகாணத்துக்குள் இருக்கும் இந்த இரண்டு உலகங்களையும் ஒரு மலை ஊரிலிருந்து நிர்வகிக்க வேண்டியிருக்கிறது.

மலை ஊர்தான், ஆனால் பள்ளத்தில்

பதுளையை மலை நகரம் என்றால் உச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஊர் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. கோச்சிப் பாதை பட்டிப்பொலவில் 1,898 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து இறங்கிக்கொண்டே வருகிறது. ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் முந்தையதைவிடத் தாழ்வு. பதுளைக்கு வந்து சேரும்போது உயரம் 650 மீட்டர் அளவில்தான் இருக்கும். பண்டாரவளையில் போட்டிருந்த ஸ்வெட்டரைப் பதுளையில் கழற்றிப் பையில் வைக்க வேண்டியதுதான். நகரத்தைச் சுற்றிப் பதுளு ஓயா வளைந்து ஓடுகிறது. ஒரு பக்கம் 2,000 மீட்டரைத் தாண்டிய நமுனுகுலை மலை எழுந்து நிற்கிறது. ஊர் ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பதுபோல இருக்கும்.

தலைநகரம் என்ற விஷயத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கிண்ணம்தான் சாவி. மலைநாட்டில் பாதைகள் உச்சியைத் தேடிப் போவதில்லை; ஆற்றையும் கணவாயையும் தேடித்தான் போகின்றன. கண்டிப் பக்கமிருந்து வெலிமடை வழியாக இறங்கும் பாதை, தெற்கே வெல்லவாயவிலிருந்து எல்ல கணவாய் வழியாக ஏறும் பாதை, கிழக்கே மட்டக்களப்புப் பக்கம் போகும் பாதை எல்லாம் இந்தப் பள்ளத்தாக்கில்தான் சந்திக்கின்றன. இன்றைக்கும் ஏ5 நெடுஞ்சாலை பேராதனையில் தொடங்கி, நுவரெலியா, வெலிமடை வழியாகப் பதுளைக்கு வந்து, பசறை, லுணுகலை, பிபிலை என்று இறங்கி, மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியில் போய் முடிகிறது. வரைபடத்தில் அந்தக் கோட்டை விரலால் தொடர்ந்து பாருங்கள். பதுளை ஏறக்குறைய நடுவில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு ஊர் தலைநகரமாவதற்கு அது பெரிய ஊராக இருக்க வேண்டியதில்லை. சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் வந்து போகக்கூடிய இடமாக இருந்தால் போதும். மலைப்பகுதியில் அப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு என்பதால், ஒரு முறை அந்தப் பொறுப்பு ஒரு ஊருக்கு வந்துவிட்டால் லேசில் கைமாறாது. பதுளையின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி.

இளவரசரிலிருந்து ஏஜெண்டு வரை

பதுளை அதிகார மையமாக இருப்பது வெள்ளைக்காரன் காலத்துச் சமாச்சாரம் அல்ல. கண்டி இராச்சியத்தில் செனரத் மன்னர் நாட்டைத் தன் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, ஊவா குமாரசிங்க இளவரசருக்குப் போனது. அவருடைய இருப்பிடம் பதுளை. 1630ல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா படையோடு மலை ஏறி வந்து பதுளையைக் கொளுத்தினார். திரும்பிப் போகும் வழியில், அவருடன் வந்த உள்ளூர்ப் படைத்தலைவர்கள் எதிர்ப் பக்கம் சாய்ந்துவிட, வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலவில் மாட்டிக்கொண்டு படையோடு அழிந்தார். அதாவது, அந்தக் காலத்திலேயே ஊவாவை அடிக்க வேண்டுமென்றால் பதுளையைத்தான் அடிக்க வேண்டியிருந்தது.

1815ல் கண்டி இராச்சியம் பிரிட்டிஷார் கைக்குப் போனது. மூன்று வருடம் ஆவதற்குள்ளேயே ஊவாவிலும், இன்றைய மொணராகலைப் பக்கத்து வெல்லஸ்ஸவிலும் கிளர்ச்சி வெடித்தது. பதுளையில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி வில்சன் 1817 செப்டம்பரில் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவா திசாவை (பிரதேசத் தலைவர்) கெப்பெட்டிபொல, அடக்காமல் கிளர்ச்சிக்காரர்களோடேயே சேர்ந்துகொண்டார். 1818 நவம்பரில் கண்டியில் அவருடைய தலை வெட்டப்பட்டது. அதோடு பிரிட்டிஷார் விடவில்லை. வயல்கள் எரிக்கப்பட்டன, குளங்களும் வாய்க்கால்களும் உடைக்கப்பட்டன. ஊவாவின் தாழ்நிலப் பகுதி வெகுகாலம் எழுந்திருக்க முடியாமல் போனதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

அப்புறம் வந்த நிர்வாக மாற்றம்தான் நம் விஷயத்துக்கு நேரடியாகத் தொடர்புடையது. 1833ல் கோல்புரூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி தீவு முழுவதும் ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது: மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு, மத்தி. இந்தப் பட்டியலில் ஊவா இல்லை. பழைய கண்டி இராச்சியத்தைத் துண்டு துண்டாக்கி, கரையோரப் பகுதிகளோடு ஒட்டிவிட வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். கீழ் ஊவாவும் வெல்லஸ்ஸவும் தெற்கு மாகாணத்தோடு போயின. வெகு தூரம் தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலியிலிருந்து வெல்லஸ்ஸவை நிர்வகிப்பது என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அது சரிப்பட்டு வரவில்லை. காகிதத்தில் கோடு போட்டுவிடலாம், மலை அந்தக் கோட்டை மதிக்காது. பெரிய மாகாணங்களை மறுபடி உடைக்க வேண்டி வந்தது. 1845ல் வடமேற்கு, 1873ல் வடமத்தி, 1886ல் ஊவா, 1889ல் சப்ரகமுவ. இப்படித்தான் ஐந்து ஒன்பதானது. ஊவா தனி மாகாணமானதும் அதன் அரசாங்க ஏஜெண்டு, அதாவது மாகாணத்தை நிர்வகிக்கும் பிரிட்டிஷ் அதிகாரி, பதுளையில் உட்கார்ந்தார். இளவரசர் இருந்த ஊர், கிளர்ச்சியைக் கண்ட ஊர், கடைசியில் கச்சேரி (ஏஜெண்டின் அலுவலகம்) இருக்கும் ஊரானது.

இங்கே ஒரு மேஜரைச் சொல்லாமல் போக முடியாது. ஊவா தனி மாகாணம் ஆவதற்கு முன்னால் பதுளையில் உதவி அரசாங்க ஏஜெண்டாக இருந்தவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ். ரோடு போட்டவர் என்றும் பெயர், ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டவர் என்றும் பெயர். 1845ல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அவருடைய நினைவாகக் கட்டப்பட்ட புனித மாற்கு தேவாலயம் இன்றும் பதுளை நகரத்துக்குள் இருக்கிறது. ஒரு தனி மனிதன் ஒரு பிரதேசத்துக்கே நீதிபதி, வரி வசூலிப்பவன், ரோடு போடுபவன் எல்லாமாக இருந்த காலம் அது. ஏஜெண்டு இருக்கும் ஊர்தான் தலைநகரம் என்ற எண்ணம் அந்தக் காலத்தில்தான் ஊறியது.

கோச்சி வந்த கதை

ரயில் வந்ததால்தான் பதுளை தலைநகரம் ஆனது என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வருடங்களைப் பார்த்தாலே அது சரியில்லை என்று தெரிந்துவிடும். நானுஓயாவுக்கு 1885ல் ரயில் வந்தது. பண்டாரவளைக்கு 1894ல் வந்தது. பதுளைக்கு வந்ததோ 1924ல். ஊவா மாகாணம் உருவாகி 38 வருடம் கழித்துத்தான் அதன் தலைநகரத்துக்குத் தண்டவாளம் எட்டியது. பல வருடம் பண்டாரவளைதான் கடைசி ஸ்டேஷன். குளிரான ஊர், துரைமாருக்குப் பிடித்த ஊர், ரயிலும் இருக்கிறது. இருந்தும் கச்சேரியைத் தூக்கிக்கொண்டு பண்டாரவளைக்குப் போகவில்லை. ரயில் கச்சேரியைத் தேடி வந்ததே தவிர, கச்சேரி ரயிலைத் தேடிப் போகவில்லை.

அந்தக் கடைசித் துண்டுப் பாதையைப் போடுவதற்கு ஏன் அவ்வளவு காலம் என்பதற்குத் தெமோதரையைப் பார்த்தால் போதும். எல்லயிலிருந்து இறங்கும் கோச்சி தெமோதரை ஸ்டேஷனில் நிற்கிறது. அங்கிருந்து கிளம்பி மலையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, சற்று முன்பு நின்றிருந்த அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. ரயில் செங்குத்தாக இறங்க முடியாது. அதனால் உயரத்தைக் குறைக்க வேண்டுமானால் தூரத்தைக் கூட்டியாக வேண்டும். நேராகப் போக இடம் இல்லாத மலையில் தூரத்தைக் கூட்ட ஒரே வழி இப்படி வட்டம் அடிப்பதுதான். இன்று எல்லாரும் படம் பிடிக்கும் ஒன்பது வளைவுப் பாலமும் இதே துண்டில்தான், எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருக்கிறது.

இவ்வளவு செலவு செய்தது பதுளைக் கச்சேரி எழுத்தர்களுக்காக அல்ல, தேயிலைக்காக. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக இந்தப் பக்கம் வீசும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் பறிக்கும் கொழுந்துக்குத்தான் அந்த வாசம். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னையில் தோமஸ் லிப்டன் 1890ல் தோட்டம் வாங்கியதும் இந்தப் பகுதியில்தான். அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கத் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பதுளை மாவட்டத்து மலையகத் தமிழர். மாவட்டத்தில் தமிழர் தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

1987க்குப் பிறகு

இதுவரை சொன்னதில் "தலைநகரம்" என்றால் ஒரு பெரிய அரசாங்க அதிகாரி உட்காரும் ஊர் என்றுதான் பொருள். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாகாண அரசு என்று ஒன்று இருக்கவில்லை. அது வந்தது 1987ல். ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் கையெழுத்திட்ட இந்திய இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, அரசியலமைப்பில் 13ஆவது திருத்தம் செய்யப்பட்டு, மாகாண சபைகள் உருவாயின. வடக்கு கிழக்குப் பிரச்சினைக்குத் தீர்வாகக் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு, கேட்காத ஊவாவுக்கும் சேர்த்துக் கிடைத்தது. இலங்கை அரசியலில் இப்படிப்பட்ட வேடிக்கைகள் சகஜம்.

ஊவா மாகாண சபையில் 34 உறுப்பினர்கள். 2014 தேர்தலில் பதுளைக்கு 18, மொணராகலைக்கு 14, வெற்றி பெறும் கட்சிக்கு போனஸாக 2. முதலமைச்சரையும் சேர்த்து ஐந்து அமைச்சர்கள். இவர்களுக்கு மேலே ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர். அதிகாரிகளின் தலைவராகப் பிரதம செயலாளர்.

யாருக்கு என்ன அதிகாரம் என்பதை அரசியலமைப்பு மூன்று நிரல்களாக (பட்டியல்களாக) பிரித்திருக்கிறது. மாகாண சபை நிரல், மத்திய அரசுக்கு மட்டும் உரிய ஒதுக்கிய நிரல், இருவரும் கை வைக்கக்கூடிய ஒருங்கிய நிரல். மாகாண நிரலில் பொலிஸும் காணியும் கூட இருக்கின்றன, காகிதத்தில். நடைமுறையில் அவை இன்றுவரை கொழும்பின் கையில்தான். பணமும் அப்படியே. வாகன அனுமதிப்பத்திரக் கட்டணம், காணி கைமாறும்போது வரும் முத்திரைத் தீர்வை போன்ற சில வருமானங்கள் மாகாணத்துக்கு உண்டு. ஆனால் செலவின் பெரும்பகுதிக்கு நிதி ஆணைக்குழு வழியாகக் கொழும்பிலிருந்து வரும் பணத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். மாநிலத்துக்கும் மாகாணத்துக்கும் வெகு தூரம் என்று முதலில் சொன்னது இதைத்தான்.

ஒரே ஊரில் மூன்று அரசாங்கம்

புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும் இடம் இதுதான். பதுளை நகரத்தில் சில நூறு மீட்டர் நடப்பதற்குள் மூன்று வேறு வேறு அரசாங்கங்களின் அலுவலகங்களைத் தாண்டிவிடலாம்.

முதலாவது, மத்திய அரசாங்கம். மாவட்டச் செயலகம், அதாவது பழைய கச்சேரி, அதன் கீழே பிரதேச செயலகங்கள், அதற்கும் கீழே ஒவ்வொரு கிராமத்துக்கும் கிராம சேவகர். இந்தச் சங்கிலி முழுக்கக் கொழும்புக்குத்தான் பதில் சொல்லும். இரண்டாவது, மாகாண அரசாங்கம்: ஆளுநர் அலுவலகம், மாகாண சபை, மாகாணக் கல்வித் திணைக்களம், மாகாண சுகாதாரத் திணைக்களம். மூன்றாவது, உள்ளூராட்சி: நகரத்துக்குப் பதுளை மாநகர சபை, வெளியே பிரதேச சபைகள். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றல்ல. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் ஊர்க்காரர்களே சில நேரம் தவறான வாசலில் போய் நிற்பார்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் காலை பஸ்ஸில் பதுளைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வந்த தனியார் பஸ் மாகாணத்துக்குள்ளேயே ஓடுவதால் அதற்கு ரூட் பெர்மிட் கொடுத்தது மாகாண அதிகாரசபை. பக்கத்தில் நிற்கும் கொழும்புத் தனியார் பஸ் மாகாண எல்லையைத் தாண்டுவதால் அதற்கு பெர்மிட் கொடுத்தது மத்திய அரசின் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு. அதற்குப் பக்கத்தில் நிற்கும் சிவப்பு பஸ் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) உடையது, அதுவும் மத்தி. அவர் வந்த ஏ தரச் சாலையைப் பராமரிப்பது மத்திய வீதி அபிவிருத்தி அதிகாரசபை. அதிலிருந்து கிளை பிரியும் சி, டி தரச் சாலைகள் மாகாணத்துக்கு உரியவை. பஸ் நிலையத்துக் குப்பையை அள்ள வேண்டியது மாநகர சபை.

அவர் மகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி வேண்டுமென்றால் பிரதேச செயலகம், மத்தி. மகள் படிக்கும் பாடசாலையில் கணக்கு டீச்சர் இல்லை என்று முறையிட வேண்டுமென்றால், அது தேசியப் பாடசாலையா மாகாணப் பாடசாலையா என்று முதலில் கேட்க வேண்டும். மாகாணப் பாடசாலை என்றால் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்குப் போகலாம். தேசியப் பாடசாலை என்றால் கொழும்பிலுள்ள அமைச்சுக்குத்தான் எழுத வேண்டும், அது பதுளைக்கு நட்ட நடுவில் இருந்தாலும் சரி.

முச்சக்கர வண்டியின் வருட வரிப்பத்திரம் இன்னும் சுவாரசியம். அது மாகாண அரசின் வருமானம். ஆனால் அதைக் கட்டும் கவுண்டர் இருப்பது மத்திய அரசின் பிரதேச செயலகத்துக்குள். ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் வேண்டுமா? அது மத்திய அரசின் மோட்டார் வாகனத் திணைக்களம், வேறு இடம். ஒரே வண்டி. வண்டிக்கு ஒரு அரசாங்கம், ஓட்டுகிறவருக்கு இன்னொன்று.

ஆஸ்பத்திரியைச் சொல்லாவிட்டால் இந்தப் பகுதி முழுமையாகாது. பதுளையில் இருப்பது ஊவாவிலேயே பெரிய ஆஸ்பத்திரி. இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்றால் மொணராகலையிலிருந்தும் இங்கேதான் வர வேண்டும். பல காலம் அதன் பெயர் மாகாணப் பொது வைத்தியசாலை. ஆனால் பெயரில் மட்டும்தான் மாகாணம். நடத்தியது மத்திய சுகாதார அமைச்சு. பிறகு அது போதனா வைத்தியசாலையாகத் தரம் உயர்ந்தது, அதுவும் மத்திதான். மாகாணத்தின் பொறுப்பில் இருப்பவை சுற்றியுள்ள ஊர்களின் சிறிய ஆஸ்பத்திரிகள். நோயாளிக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டியதில்லை என்று நினைக்கலாம். ஆனால் ஊர் ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லாமல் எல்லாரும் பதுளைக்கு ஓடிவரும்போது, யாரைக் கேட்பது என்ற கேள்வி வரத்தான் செய்கிறது.

சின்ன ஊருக்குத் தலைநகரப் பொறுப்பு என்றால், என் பார்வையில், கோபுரமும் மாளிகையும் அல்ல. பகலில் ஊர் தன் அளவைவிடப் பெரிதாகிவிடும் என்பதுதான். காலை எட்டு மணிக்கு பஸ் நிலையத்தில் இறங்கும் கூட்டத்தில் எழுத்தர்களும் டீச்சர்மாரும் உண்டு. அவர்களைப் பார்க்க வரும் ஃபைல் தூக்கிகளும் உண்டு. போட்டோக்கொப்பிக் கடை, படிவம் நிரப்பிக் கொடுப்பவர், சத்தியக் கடதாசி எழுதும் சமாதான நீதவான், நொத்தாரிஸ், சோற்றுக் கடை எல்லாம் இவர்களை நம்பித்தான் நடக்கின்றன. 2005ல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்த பிறகு மாணவர் கூட்டமும் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் நாலரைக்கு மேல் அலுவலகக் கூட்டம் பஸ் ஏறிவிடும், ஊர் மறுபடி சின்ன ஊராகிவிடும்.

தோட்டத்துக்கு எந்த அரசாங்கம்?

மலையகத் தமிழருக்கு மேலே சொன்ன மூன்று அரசாங்கமும் வெகுகாலம் எட்டாத தூரத்தில்தான் இருந்தன. தோட்டத்துக்குள் ரோடு, தண்ணீர், லயத்துக் கூரை (லயம் என்றால் தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடு) எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. 1948 குடியுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிவிட்டதால் ஓட்டும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. குடியுரிமை படிப்படியாகத் திரும்பி வந்து, 2003ல்தான் அந்தக் கணக்கு ஏறக்குறைய முடிந்தது.

ஓட்டு வந்த பிறகும் ஒரு தடை இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குள் தங்கள் பணத்தைச் செலவழிக்க முடியாது. தோட்டத் தமிழர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உறுப்பினரே, அவர் வசிக்கும் லயத்துக்கு முன்னால் ஒரு வடிகான் வெட்ட சபைப் பணத்தை எடுக்க முடியாத நிலை. 2018ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது வருடம்!

மாகாண சபை இந்த விஷயத்தில் கொஞ்சம் உதவியது என்றுதான் சொல்ல வேண்டும். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பிறகு அவை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வந்தன. ஊவா அமைச்சரவையில் மலையகத் தமிழர் இருந்திருக்கிறார்கள். செந்தில் தொண்டமான் அவர்களில் ஒருவர். கொழும்பு அமைச்சரைப் பார்ப்பதைவிடப் பதுளை அமைச்சரைப் பார்ப்பது லேசு. பஸ் காசும் குறைவு.

மொழியும் ஒரு பிரச்சினை. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் சிங்களம், தமிழ் இரண்டிலும் நிர்வாகம் நடக்க வேண்டிய இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அறிவிப்பு இருக்கிறது, தமிழில் கடிதம் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் எல்லா மேசையிலும் இல்லை. தமிழில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுச் சிங்களத்தில் பதில் வாங்கிக்கொண்டு, அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடுவது இன்னும் நடக்கிறது.

மொணராகலையின் கேள்வி

பதுளை பாதைகள் சந்திக்கும் ஊர் என்று சொன்னேன். அது மேல் ஊவாவுக்குப் பொருந்தும். தாழ்நிலத்துக்காரரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். கதிர்காமம் மொணராகலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் அதுவும் ஊவா. அங்கிருந்து பதுளைக்கு நூறு கிலோமீட்டர் அளவில் பயணம், அதில் கடைசிப் பகுதி மலை ஏற்றம். மொணராகலை டவுனிலிருந்து பசறை வழியாக வந்தாலும் வளைவுகள்தான். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்த வழியும் அடைபடும். பதுளை மாவட்டத்தில் மண்சரிவு சும்மா பேச்சுக்குச் சொல்வதல்ல. 2014 அக்டோபரில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மலை ஊரைத் தலைநகராக வைத்திருப்பதன் விலை இது. யானை வேலியும் குளத்துத் தண்ணீரும் வேண்டும் என்று கேட்கிறவர்கள், தேயிலையும் மண்சரிவும் பேசும் ஊருக்கு மலையேறி வந்து கேட்க வேண்டியிருக்கிறது. அதற்காகத் தலைநகரை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மாற்றினால் எட்டு லட்சம் பேர் கீழே இறங்க வேண்டி வரும். ஆனால் மாகாணத் திணைக்களங்கள் மொணராகலையில் முழு அதிகாரமுள்ள கிளைகளை வைக்கலாம். கையெழுத்துக்காக மட்டும் ஒரு மனிதனை மலையேற்றுவதில் எந்த நியாயமும் இல்லை.

இப்போது என்ன நிலை?

ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டம்பரில். ஐந்து வருடப் பதவிக்காலம் 2019ல் முடிந்தது. அதற்குள் தேர்தல் முறையை மாற்றப் போகிறோம் என்று 2017ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். புதிய முறைக்கான தொகுதி எல்லைகள் பாராளுமன்றத்தில் நிறைவேறவில்லை. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்று ஆகிவிட்டது. ஊவாவில் மட்டுமல்ல, ஒன்பது மாகாணத்திலும் இதே நிலைதான்.

ஆக, இதை எழுதும்போது பதுளையில் மாகாண சபை உறுப்பினர்கள் இல்லை, முதலமைச்சர் இல்லை, மாகாண அமைச்சர்களும் இல்லை. ஆளுநர் இருக்கிறார், பிரதம செயலாளர் இருக்கிறார், திணைக்களங்கள் இருக்கின்றன. டீச்சர் இடமாற்றம் நடக்கிறது, வண்டி வரி வசூலாகிறது, சி தரச் சாலைக்குத் தார் போடுகிறார்கள், போடாமலும் விடுகிறார்கள். கேள்வி கேட்க வேண்டுமென்றால் ஜனாதிபதி நியமித்த ஆளுநரிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த தேர்தலில் பதுளைக்கும் மொணராகலைக்கும் எத்தனை ஆசனம் என்பதுகூட எந்தத் தேர்தல் முறை வருகிறது என்பதைப் பொறுத்தது.